கடித்தது எதுவென்று தெரியாதபோது: அறிகுறியை வைத்து வழி காண்பது

விளக்கைப் போடுவதற்குள் பூரான் கட்டிலுக்கடியில் போய்விடும், தேள் துணி மடிப்புக்குள் புகுந்துவிடும். வீட்டில் நடக்கும் பெரும்பாலான கடிகளில் கடித்ததை யாரும் பார்ப்பதில்லை. அதைத் தேடி அலமாரியைக் கலைக்கும் நேரத்தில் கடிபட்டவரின் உடம்பைப் பார்ப்பதுதான் முக்கியம். மருத்துவமனையிலும் பூச்சியைக் கேட்டு மருத்துவம் செய்வதில்லை, அறிகுறியைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். அதனால் இந்தக் குறிப்பைப் பூச்சியின் பெயர் வாரியாகப் பிரிக்காமல், உடம்பில் தெரிவதை வைத்துப் பிரித்திருக்கிறோம். தமிழ்நாட்டுச் சமவெளி வீடுகளை மனதில் வைத்து எழுதியது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. வலி அதிகமென்றால் ஆபத்து அதிகம் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். அது தவறு, உயிரையே வாங்கக்கூடிய தவறு. பூரான் கடித்தால் ஆள் துடித்துப்போவார், ஆனால் மறுநாள் எழுந்து வேலைக்குப் போவார். கட்டுவிரியன் கடித்தால் தூக்கம்கூடக் கலையாமல் இருக்கலாம்.

உடனே 108 அழைக்க வேண்டிய அறிகுறிகள்

கடிவாயைத் தாண்டி உடம்பில் வேறெங்காவது மாற்றம் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. குபுகுபுவென்று வியர்ப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, கை கால் சில்லிடுவது, மூச்சு வாங்குவது, இமை தொங்குவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது, உதடோ நாக்கோ வீங்குவது, குரல் கம்முவது, தலைசுற்றி விழுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்ப வேண்டியதுதான். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தேள் கொட்டியிருந்தால் அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் வேண்டாம். புளியங்கொட்டையை உரசி ஒட்டுவது, சுண்ணாம்பு தடவுவது, வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுப்பது போன்றவற்றால் பெரும்பாலும் நேரடிக் கெடுதல் இல்லை. அதில் போகும் அரை மணி நேரம்தான் கெடுதல். மோதிரம், வளையல், கொலுசு, இறுக்கமான கைக்கடிகாரம் இவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள்.

சுருக்கென்று கொட்டி, கடுப்பு விறுவிறுவென்று மேலேறுகிறது, வேறொன்றும் இல்லை

பெரும்பாலும் தேள். கொட்டுவாய் ஒரே ஒரு புள்ளிதான், தேடினாலும் தெரியாமல் இருக்கலாம். வீக்கம் குறைவு, வலிதான் அதிகம். தட்டிப் பார்த்தால் அந்த இடம் துள்ள வைக்கும். இந்தக் கடுப்பு சில மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை இருக்கும்.

துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைத்து, 10 நிமிடம் எடுத்து, மறுபடி வையுங்கள். வெறும் ஐஸை நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். பெரியவர்களுக்கு பாரசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம், குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். வலி தாங்க முடியாவிட்டால் மருத்துவமனையில் கொட்டுவாயைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவார்கள், சில நிமிடத்தில் அடங்கிவிடும். நம்மவர்கள் இதைக் கேட்டு வாங்காமல் இரவெல்லாம் அழுகிறார்கள்.

தோட்டத்தில் பார்க்கும் பெரிய கருந்தேளை, ஊரில் நட்டுவாக்காலி என்பதை, எல்லோரும் எமன் என்று பயப்படுகிறார்கள். முன்னால் பருத்த இடுக்கிக் கைகளும் பின்னால் ஒல்லியான வாலும் உள்ள அந்த இனத்தின் விஷம் வலியோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். கவலைப்பட வேண்டியது, விரல் நீளம்கூட இல்லாத செந்தேள். அதற்கு இடுக்கிக் கை ஒல்லி, வால் தடிப்பு.

வலி கொஞ்சம்தான், ஆனால் வியர்வை ஊற்றுகிறது, வாந்தி வருகிறது, கை கால் சில்லென்று இருக்கிறது

இது செந்தேள் விஷம் உடம்பில் ஏறிவிட்டதன் அடையாளம். மகாராஷ்டிராவின் கொங்கண் பகுதியில் இது பெரிய பிரச்சினை. தமிழ்நாடு, புதுச்சேரி, ஆந்திரம், கர்நாடகம் எல்லாவற்றிலும் உண்டு. கொட்டிய அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் வெளிப்படும். ஆண் குழந்தைகளுக்கு ஆண்குறி விறைத்து நிற்பது இதன் முக்கியமான அடையாளம். கூச்சப்பட்டு அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

உடம்பின் நரம்புகள் கட்டுக்கடங்காமல் தூண்டப்பட்டு, ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்த அழுத்தம் ஏறும். இதயம் அந்தப் பாரத்தைத் தாங்காமல் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இருமலோடு இளஞ்சிவப்பு நுரை வந்தால் அந்தக் கட்டம் வந்துவிட்டது என்று பொருள். இதற்கான மருந்து பிரசோசின் என்ற விலை மலிவான மாத்திரை. மகாராஷ்டிராவின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980களில் இதைத் தேள்கடிக்குக் கொடுத்துப் பலன் காட்டினார். கொத்துக்கொத்தாகப் போய்க்கொண்டிருந்த உயிர்கள் அதன்பின் காப்பாற்றப்பட்டன. தேளுக்கென்று தனி விஷமுறிவு மருந்தும் இருக்கிறது, பிரசோசினோடு சேர்த்துக் கொடுத்தால் சீக்கிரம் தெளிவு வரும். ஆனால் பிரசோசினை வீட்டில் வாங்கி வைத்துக் கொடுக்கவே கூடாது. முதல் மாத்திரையிலேயே ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழக்கூடும். எடைக்கு ஏற்ற அளவு, படுத்த நிலை, மணிக்கொரு முறை அழுத்தம் பார்ப்பது எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மருத்துவம்.

வலி திடீரென்று குறைந்து வியர்வை கூடினால் "விஷம் இறங்கிவிட்டது" என்று திரும்பி வந்துவிடாதீர்கள். அப்போதுதான் வேகமாகப் போக வேண்டும்.

அருகருகே இரண்டு புள்ளி, சிவந்த வீக்கம், குடைச்சல், நெறி கட்டுகிறது

பூரான். பெரிய இனத்தைத் தென்மாவட்டங்களில் செய்யான் என்பார்கள். தலைக்குக் கீழே முதல் காலிணை கொடுக்காக மாறியிருக்கும், அதுதான் விஷம் ஏற்றுகிறது. வால்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களைப் பார்த்து அதைத்தான் கொடுக்கு என்று நினைத்துத் தலைப்பக்கம் பிடிப்பவர்கள்தான் கடி வாங்குகிறார்கள். கையில் கடித்தால் அக்குளிலும், காலில் கடித்தால் அரையிலும் நெறி கட்டும். இரண்டு நாளில் அது அடங்கும்.

இதற்கு வெந்நீர் நன்றாகக் கேட்கிறது. சூட்டில் பூரான் விஷத்தின் வேகம் குறைவதாகக் கருதப்படுகிறது, வலி தணிவது பலருக்கும் தெரிகிறது. தண்ணீர் 43 முதல் 45 டிகிரி இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் நான்கு பங்கு கலந்தால் நம் சமவெளி வெயிலுக்கு ஏறக்குறைய சரியாக வரும். மலை ஊர்களில் குழாய்த் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் இரண்டு பங்கு போதும். கடிபட்ட கையால் சூடு பார்க்கக் கூடாது. வலியில் சூடு தெரியாமல் வெந்துபோகும். மறுகையை அரை நிமிடம் முக்கி, தாங்க முடிகிறதா என்று பார்த்த பிறகு கடிபட்ட கையை 20 முதல் 30 நிமிடம் வைத்திருங்கள். ஆற ஆறக் கொஞ்சம் வெந்நீர் சேர்க்க வேண்டும், சேர்க்கும்போது கையை வெளியே எடுத்துவிட்டு ஊற்றுங்கள். கடி முகத்திலோ முதுகிலோ இருந்தால் வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணி வைக்கலாம். குழந்தைகளுக்கு இன்னும் கொஞ்சம் சூடு குறைத்து வையுங்கள்.

கடித்து மூன்றாம் நாள் வீக்கம் கூடுகிறது, சிவப்பு பரவுகிறது, சீழ் வைக்கிறது என்றால் அது விஷத்தின் வேலை இல்லை, கிருமி தொற்றிவிட்டது. மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்தாண்டுக்கு மேலாகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

எதுவும் கடித்த நினைவில்லை. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, இமை தூக்க முடியவில்லை

பூச்சிக் கணக்கில் இது சேராது. ஆனால் "ஏதோ பூச்சி கடித்துவிட்டது" என்றுதான் வீட்டில் முதலில் சொல்வார்கள். பாயில் தரையில் படுத்திருந்தவருக்கு இரவு கடிக்கும் கட்டுவிரியன் பல் பதிந்த இடத்தைக்கூடக் காட்டாது. வயிற்று வலியை அஜீரணம் என்று சோடா குடித்துத் தள்ளிப்போடுவதுதான் வழக்கமாக நடக்கும் விபரீதம். இமை தொங்குவது, பார்வை இரண்டாகத் தெரிவது, எச்சில் வழிவது, கழுத்து நிற்காமல் சாய்வது என்று மேலிருந்து கீழாகத் தளர்ச்சி இறங்கும், கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோகும்.

வாயில் தண்ணீர்கூடக் கொடுக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது, செயற்கை சுவாசக் கருவி எங்கே இருக்கிறது என்று 108இல் கேளுங்கள். முதல் தவணையாக 8 முதல் 10 குப்பி மருந்து ஏற்றுவார்கள், குழந்தைக்கும் அதே அளவுதான். குழந்தை சின்னதென்று குறைத்துக் கேட்காதீர்கள். பாம்பு குறைத்துக் கடிப்பதில்லை.

மறுநாள் கழுத்திலோ கன்னத்திலோ கோடு போட்டதுபோல் எரிச்சல், நீர்க்கொப்புளம்

ஆசிட் பூச்சி. 7 முதல் 10 மில்லிமீட்டர் நீளத்தில் ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரும் ஒல்லிப் பூச்சி, வயல்களில் தீமை செய்யும் பூச்சிகளைத் தின்று நன்மை செய்வது. இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. உடலுக்குள் இருக்கும் பெடரின் என்ற நச்சு, நாம் அடித்து நசுக்கும்போதுதான் தோலில் படுகிறது. விளக்கு வெளிச்சத்துக்கு வந்து மேலே விழுந்ததை யோசிக்காமல் தேய்த்துவிடுகிறோம், 12 முதல் 36 மணி நேரம் கழித்து எரிகிறது. தேய்த்த திசையில் கோடு விழும். முழங்கை மடிப்பில் பட்டால் மடித்துத் தொட்ட எதிர்ப்பக்கத்திலும் அதே வடிவில் இன்னொரு புண் வரும்.

மேலே ஊர்வதைப் பார்த்தால் ஊதித் தள்ளுங்கள் அல்லது ஒரு தாளில் ஏற விட்டுக் கொண்டுபோய் விடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, கையையும் கழுவி, தலையணை உறையை மாற்றிவிடுங்கள். கழுவாத கையோடு கண்ணைத் தொட்டால் கண் வீங்கிச் சிவக்கும். கொப்புளம் வந்தபின் குளிர்ந்த ஈரத்துணி வைத்து, மருத்துவர் சொல்லும் களிம்பைப் போட்டால் இரண்டு வாரத்தில் ஆறும். கருப்புத் தழும்பு சில வாரம் நிற்கும்.

இங்கேதான் நாட்டுவழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. கொப்புளத்தைப் பார்த்ததும் "அக்கி" என்று குயவரிடம் அழைத்துப்போய்க் காவி பூசி எழுதுவார்கள். ஆசிட் பூச்சிப் புண்ணானால் எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஆறும். உண்மையிலேயே அக்கியாக இருந்தால்தான் இழப்பு. அக்கிக்கு வைரஸ் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், தவறினால் வயதானவர்களுக்கு மாதக்கணக்கில் நரம்பு வலி நிற்கும். பிரித்தறிவது இப்படி: அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், கொத்தாக வரும், கொப்புளம் வருமுன்பே இரண்டு மூன்று நாள் அந்த இடம் குத்தும். ஆசிட் பூச்சிக்கு முன்வலி கிடையாது.

உடம்பெங்கும் திட்டுத்திட்டாகத் தடிப்பு

தடிப்பு ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் எழுகிறது, ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு மேல் நிற்பதில்லை என்றால் அது காணாக்கடி என்று நாம் சொல்வது. பெயர்தான் கடி, பெரும்பாலும் எதுவும் கடித்திருப்பதில்லை. சாப்பாடு, மருந்து, காய்ச்சல் என்று காரணம் வேறாக இருக்கும். உதடோ நாக்கோ வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, முதலில் சொன்ன மற்ற அறிகுறிகள் தெரிந்தாலோ அவசரம்.

ஒரே இடத்தில், துணி பட்ட கழுத்து, இடுப்பு, தோள் வழியாகப் பொடிப்பொடியாக அரித்தால் கம்பளிப்பூச்சி. முருங்கை மரத்துக்கடியில் கொடி கட்டித் துணி உலர்த்தியிருப்பீர்கள். தேய்க்கத் தேய்க்க மயிர் உள்ளே போகும், அதனால் தண்ணீர் ஊற்றுமுன் செலோடேப்பை அழுத்தி ஒட்டி இழுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு. பிறகு கழுவுங்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல் 15 நிமிடம் தண்ணீர் விட்டு அலசிக் கண் மருத்துவரிடம் போங்கள், மயிர் கருவிழிக்குள் துளைத்துப் போகக்கூடியது. பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும் புழுக்களை நம் வீடுகளில் பந்தம் பிடித்துக் கருக்குவார்கள். கருகும்போது மயிர் காற்றில் பறந்து முகத்தில் விழுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சிறிய புழுவாக இருக்கும்போதே மீன் எண்ணெய் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்து அடிப்பது நல்லது.

ஒரே நேரத்தில் பல கொட்டு

டெல்டா மாவட்டங்களில் கதண்டு என்றும் மற்ற ஊர்களில் கடந்தை என்றும் சொல்வதன் கூடு தென்னையிலோ பனையிலோ கலைந்திருக்கும், அல்லது மலைத்தேனீயாக இருக்கும். கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, நேராக ஓடி வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். தேனீயின் கொடுக்கு தோலில் நிற்கும், நகத்தாலோ அட்டை ஓரத்தாலோ உடனே சீவி எடுங்கள். எப்படி எடுத்தோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுத்தோம் என்பதே கணக்கு. கதண்டு கொடுக்கை விட்டுப்போகாது, அதனால் ஒன்றே பலமுறை கொட்டும்.

ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டு போதும். மூச்சு திணறி, தடித்து, மயங்கினால் தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். பெரியவருக்கு 0.5 மில்லிகிராம். அவில் மாத்திரை அதற்கு மாற்று ஆகாது. ஒவ்வாமை இல்லாதவருக்கும் இருபது முப்பது கொட்டுக்கு மேல் போனால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளுக்குள் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ, அளவு குறைந்தாலோ சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம்.

கூட்டைக் கலைக்கத் தீ வைக்காதீர்கள், 101இல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

காய்ச்சல், கூடவே வலியில்லாத கறுப்புப் பொருக்கு

அக்குள், அரை, மார்பின் மடிப்பு, இடுப்புப் பட்டைக்கடியில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறதா என்று தேடுங்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உண்ணிக் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் இது. புல்வெளி, புதர், விறகு என்று போய்வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து வரும். கடிபட்டவருக்கு வலி இல்லாததால் சொல்லமாட்டார், மறைவான இடம் என்பதால் மருத்துவரும் பார்க்காமல் விடக்கூடும். நீங்களே சொல்லிக் காட்டுங்கள். டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். விட்டுவிட்டால் நுரையீரலையும் மூளையையும் தாக்கும்.

நள்ளிரவில் காதுக்குள் படபடவென்று குடைகிறது

ஹேர்பின், பட்ஸ் எதுவும் உள்ளே போகக் கூடாது. பூச்சி இன்னும் உள்ளே நகர்ந்து செவிப்பறையைக் கிழிக்கும். காது மேலே வரப் படுக்க வைத்து, வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயைக் காது நிறையச் சொட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் அசைவு நிற்கும். அதற்குப் பிறகும் அதை வெளியே எடுப்பது மருத்துவர் வேலைதான். காதில் சீழ் வடிபவருக்கும் செவிப்பறையில் ஓட்டை உள்ளவருக்கும் எண்ணெய் விடக் கூடாது.

வீட்டுக்குள் திரும்பத் திரும்ப வருகிறது

பாத்ரூமில் மட்டும் பூரான் வருகிறதென்றால், தரை வடிகாலுக்குக் கீழிருக்கும் ட்ராப்பில் தண்ணீர் வற்றியிருக்கும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள பூட்டு. புழங்காத பாத்ரூமில் சில வாரத்தில் வற்றிவிடும். வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள், ஊருக்குப் போகுமுன் அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். வாஷிங் மெஷின் குழாய் வடிகாலுக்குள் நுழையும் இடைவெளியையும் அடையுங்கள், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ட்ராப்புக்குள் பினாயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றினால் கீழே இருப்பவை மேலே, உங்கள் காலடிக்கு வரும்.

ஹாலிலும் வருகிறதென்றால் வாசல் கதவுக்கடியில் ரப்பர் பட்டை வையுங்கள். கரப்பான் நிறைய இருக்கும் வீட்டுக்கு அதைத் தின்ன இவை வருகின்றன. சமையல் மேடைக்கடியில், கீல் பக்கத்தில் ஜெல் மருந்தைப் பட்டாணியில் பாதி அளவு வையுங்கள். அதன்மேல் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது, இரண்டையும் சேர்த்துச் செய்து பணத்தை வீணாக்காதீர்கள்.

சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பி நிற்கும் எட்டுக்கால் பூச்சி கரப்பானைத் தின்கிறது, மனிதனைத் தேடி வருவதில்லை. விட்டுவிடலாம், பிடிக்காவிட்டால் டப்பாவால் மூடி அட்டையைச் செருகி வெளியே விடலாம். மழையில் கூட்டமாக வரும் மரவட்டை கடிக்காது. நசுக்கினால் வரும் மஞ்சள் நீர் தோலைக் கறையாக்கும், கண்ணில் பட்டால் எரிக்கும். பெருக்கித் தள்ளுங்கள், வாசலுக்கருகில் குவிந்த ஈரச் சருகை அகற்றுங்கள்.

தேள் இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். இருட்டிய பிறகு, செருப்பு போட்டுக்கொண்டு, செங்கல் குவியல், தேங்காய் மட்டை, விறகு, சுற்றுச்சுவர் விரிசல் எல்லாவற்றையும் அடிப்பக்கத்திலிருந்து பார்த்து வாருங்கள். எந்தத் தேளானாலும் அந்த ஒளியில் பச்சை கலந்த நீலமாகப் பளிச்சென்று தெரியும், அண்மையில் தோலுரித்தது மட்டும் மங்கலாக இருக்கும். ஓரடி நீள இடுக்கியால் வாலின் நடுப்பகுதியைப் பிடித்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். முதுகில் குஞ்சுகளைச் சுமந்திருப்பதைக் காலால் மிதித்தால் குஞ்சுகள் நாலாபக்கமும் சிதறும், அதனால் அதை டப்பாவால் கவிழ்த்து மூடித்தான் எடுக்க வேண்டும். குவியலைச் சுவரை விட்டு மூன்றடி தள்ளி, செங்கல்மேல் பலகை போட்டு உயர்த்தி அடுக்குங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து அரையடி நகர்த்தி, கொசுவலையை மெத்தைக்கடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். தரையில் தொங்கும் போர்வை நுனியையும் மேலே எடுத்துப் போடுங்கள், தேள் ஏறுவது அதன் வழியாகத்தான்.